அரை மணி நேரத்துக்கு முன்னால்

(சமுதாய வானொலியில் பல்சுவை நிகழ்ச்சி தயாரிக்கவிருக்கும் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உங்கள் கையில் வரப்போகிறது. ஒரு பல்சுவை நிகழ்ச்சி, ஸ்டுடியோ பாஷையில் மேகசின் புரோகிராம். நீங்களே திட்டமிட்டு, நீங்களே தயாரித்து, நீங்களே ஒலிபரப்ப வேண்டும். இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் எந்தக் கல்லூரியிலும் முதல் கூட்டத்தில் நடப்பது ஒன்றுதான். நிகழ்ச்சிக்குப் பெயர் வைப்பார்கள். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். பிறகு யார் தொகுத்து வழங்குவது என்பதில் ஒரு சின்ன மனத்தாங்கல். முகப்பிசைக்கு யாருடைய தம்பி கீபோர்டு வாசிப்பான் என்று முடிவானதும் கூட்டம் கலையும். யாருக்காக இந்த நிகழ்ச்சி என்ற கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பெயரும் இசையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1933இல் பி.பி.சி. தொடங்கிய ‘இன் டவுன் டுநைட்’ என்ற நிகழ்ச்சி இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. அதன் முகப்பில் லண்டன் தெருவின் வண்டிச் சத்தமும் பூ விற்கிறவளின் குரலும் கேட்கும். திடீரென்று ஒரு குரல் ‘நிறுத்து!’ என்று அதட்டும். ஊரே ஸ்தம்பித்துவிடும். அந்த அமைதியில் யாராவது ஒருவரை அழைத்துவந்து பேசவைப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் லண்டன் மறுபடி ஓடலாம் என்று உத்தரவு கொடுப்பார்கள். ஓடுகிற ஊரைக் கொஞ்சம் நிறுத்தி மனிதர்களோடு பேசுவதுதான் வேலை என்று தெரிந்த பிறகு செய்த முகப்பு அது. உங்களுக்கும் வேலை என்னவென்று தெரியட்டும். பெயர் தானாக வரும்.

யாருக்காக என்ற கேள்வியைப் பெரிய நிலையங்களும் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டன. 1946 அக்டோபரில் பி.பி.சி. பெண்களுக்காக ‘வுமன்ஸ் அவர்’ என்ற பல்சுவை நிகழ்ச்சியை மதியம் 2 மணிக்குத் தொடங்கியது. அதை முதலில் வழங்கியவர் ஓர் ஆண். அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு அந்தச் சிரமம் குறைவு, ஏனென்றால் நம் நேயர் யார் என்பதை ஒலிபரப்புக் கோபுரமே தீர்மானித்துவிடுகிறது. அந்தக் கோபுரம் நம் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1995இல் உச்ச நீதிமன்றம் ஒலி அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. 2002 டிசம்பரில் மத்திய அரசு கல்வி நிறுவனங்களும் வானொலி நடத்தலாம் என்று கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாக நாட்டிலேயே முதலில் உள்ளே போனது நம் சென்னைதான். 2004 பிப்ரவரி 1ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 பண்பலை வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. சமுதாய வானொலிக்கு வழக்கமாகத் தரும் ஒலிபரப்புத் திறன் 100 வாட், கோபுரம் 30 மீட்டர். கட்டடங்கள் மறைக்காவிட்டால் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் எட்டும். அதற்கு அப்பால் நீங்கள் இல்லை.

இதைக் குறையாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு இதைவிடப் பெரிய வசதி தெரியவில்லை. வரைபடத்தில் கோபுரத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுங்கள். கிண்டியில் இருக்கிறீர்கள் என்றால் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அடையாறு, தரமணி, வேளச்சேரி எல்லாம் உள்ளே வரும். பேராசிரியர் குடியிருப்பும் வரும், குடிசை மாற்று வாரிய அடுக்குமாடியும் வரும், ஐ.டி. கம்பெனி வாசலில் இரவுக் காவல் இருக்கிறவரும் வருவார். மொத்த நிகழ்ச்சியையும் நடந்தே தயாரிக்கலாம். பேருந்துக் காசுகூட மிச்சம்.

அந்த வட்டத்துக்குள் போய் ‘எங்கள் வானொலியைக் கேட்பீர்களா?’ என்று படிவம் நீட்டாதீர்கள். படித்த பிள்ளைகள் கேட்கிறார்களே என்று எல்லாரும் ‘கேட்போம்’ என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் 5 மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள், ரேடியோ இருக்கிறதா, போனில் கேட்கிறார்களா, போன் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஐந்து மணிக்கு மாவு அரைக்கிறவருக்கு கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. ஏழு மணிக்கு சீரியல் தொடங்கிவிடும். பிற்பகல் மூன்று மணிக்குத் தையல் மெஷினில் உட்காருகிறவருக்குக் காது சும்மாதான் இருக்கிறது. எந்த வேளையில் யாருடைய காது சும்மா இருக்கிறது என்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய நேயர் ஆய்வு. நிகழ்ச்சியின் நேரமும் வேகமும் பேச்சு நடையும் அதிலிருந்துதான் வர வேண்டும்.

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். தேடல் என்றதும் நம் மாணவர்கள் போனை எடுக்கிறார்கள். இருபது நிமிடத்தில் எந்தத் தலைப்பிலும் இரண்டு பக்கம் சேர்ந்துவிடும். அதை ஒரு பையனும் ஒரு பெண்ணும் மாற்றி மாற்றி வாசித்தால் உரையாடல் என்று பெயர். ‘ஆமாம் கார்த்தி, அது மட்டுமல்லாமல்…’ என்று ஒருவர். ‘மிகச் சரியாகச் சொன்னாய் பிரியா’ என்று இன்னொருவர். கார்த்தியும் பிரியாவும் இந்தியாவின் அத்தனை கல்லூரி வானொலிகளிலும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களுக்கு ஓய்வு கொடுங்கள்.

வானொலிக்கான தேடல் பெரும்பாலும் ஆளைத் தேடுவது. தகவல் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கிறது. அந்த விஷயத்தை நேரில் பார்த்த ஒருவர், அதைக் கேட்கிறபடி சொல்லத் தெரிந்த ஒருவர் எங்கேயோ இருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்கத்தான் காலும் நேரமும் வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். உங்கள் முதல் நிகழ்ச்சி கோடையில் வருகிறது, பொருள் தண்ணீர் என்று வையுங்கள். சென்னையில் இதைவிட்டால் வேறென்ன பேசுவது? போனில் தேடினால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளின் கொள்ளளவு வரும். புழல் 3,300 மில்லியன் கன அடி, செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி, நான்கும் சேர்ந்து 11,257. தாளில் நன்றாக இருக்கிறது. காதில் ஒரு விநாடிகூட நிற்காது. இங்கே இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், இப்போது நான் புழலுக்கு என்ன எண் சொன்னேன்?

எண்ணே வேண்டாம் என்பதில்லை, காதுக்கு ஏற்றபடி அதை மாற்ற வேண்டும். 2019 கோடை நினைவிருக்கும். ஏரிகள் வற்றிக் குடிநீர் வாரியம் நகருக்குத் தரும் நீரை நாளொன்றுக்கு 52.5 கோடி லிட்டர் அளவுக்குக் குறைத்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மாலையும் தோரணமுமாக வரவேற்றார்கள். இந்த இரண்டு எண்ணையும் ஒரு மாணவர் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தால் போதும். 25 லட்சம் என்பது குறைக்கப்பட்ட அந்த ஒருநாள் அளவில் 210இல் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். ஆக, அந்த ரயில் முழுக்க வந்த தண்ணீர் ஊருக்கு ஏழு நிமிடம் காணும். ‘ஐம்பது வேகன் தண்ணீர், சென்னைக்கு ஏழு நிமிடம்.’ இதைத் தையல் மெஷினில் இருப்பவர் கேட்டால் ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொல்வார். போனில் கிடைத்த தகவல்தான் இதுவும், ஆனால் ஒருவர் அதன்மேல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

சரி, ஆள்? ஜனங்கள் காத்து நிற்கிற இடங்களுக்குப் போங்கள். ரேஷன் கடை, லாரி வந்து நிற்கும் தெருமுனை, அடிபம்பு. காத்திருப்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கிறது. ‘தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்டால் ‘அரசாங்கம் நடவடிக்கை எடுக்கணும்’ என்பார்கள். மைக்கைப் பார்த்ததும் எல்லாருக்கும் வருகிற வாக்கியம் அது. ‘நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தண்ணி வந்துச்சு? யார் முழிச்சிருந்தாங்க?’ என்று கேளுங்கள். கதை தானாக அவிழும். கருத்தைக் கேட்டால் பத்திரிகைத் தலையங்கத்தின் எதிரொலி கிடைக்கும். நடந்ததைக் கேட்டால் அவருடைய வாழ்க்கை கிடைக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆளைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் டீக்கடையிலேயே முழுக் கதையையும் கேட்டுவிடாதீர்கள். அடிபம்பு ரிப்பேர் பார்க்கிற ஒருவர் கிடைத்தார் என்று வையுங்கள். அவர் முதல்முறை சொல்லும்போது இருக்கும் உயிர், மறுநாள் மைக் முன்னால் ‘நான் நேத்தே சொன்னேனே, அந்த மாதிரிதான்’ என்று செத்துப்போகும். முதல் சந்திப்பில் அவர் என்ன பார்த்தார், எந்த வருஷம், யார் யார் இருந்தார்கள், பேச எப்போது நேரம் கிடைக்கும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கதை வாய்க்கு வரும்போது ‘அண்ணே, இருங்க, இதை ரெக்கார்டர்ல சொல்லணும்’ என்று சிரித்துக்கொண்டே நிறுத்துங்கள். அவர் தப்பாக நினைக்கமாட்டார். நம் பேச்சை இவ்வளவு மதிக்கிறார்களே என்று இரவெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவார்.

சொல்வதைச் சரிபார்க்கவும் வேண்டும். லாரியில் இத்தனை லிட்டர் என்று ஓட்டுநர் சொன்னால் தொட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ன அதிகாரி காசு வாங்கினார் என்று யாராவது பெயர் சொன்னால், அவர் தரப்பைக் கேட்காமல் அதை ஒலிபரப்பக் கூடாது. மாணவர்கள்தானே என்று யாரும் விட்டுவிடமாட்டார்கள்.

ஆளைத் தேடுவதோடு சத்தத்தையும் தேடுங்கள். இதில் நம் மாணவர்கள் மகா சோம்பேறிகள். இணையத்தில் ‘நீர்வீழ்ச்சி’ என்று ஒரு சத்தத்தை இறக்கிப் பேச்சுக்குப் பின்னால் ஓடவிடுவார்கள். சைதாப்பேட்டைக் குழாயடியில் குற்றாலம் கொட்டும். தெருக் குழாயடிக்குப் போய், குடம் நிறைவதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். வெறும் குடத்தில் நீர் விழும்போது சத்தம் கனமாக, அடித்தொண்டையில் இருக்கும். நீர் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்றுக்கு இடம் சுருங்குகிறது, சுருதி மேலே ஏறுகிறது. கழுத்துக்கு வந்ததும் விறுவிறுவென்று மெலிந்து உச்சத்துக்குப் போய் நிற்கும். நம் பெண்கள் பின்னால் திரும்பி நின்று பேசிக்கொண்டே, சரியாக ஒரு சொட்டுச் சிந்தும் முன் குழாயை மூடுகிறார்களே, இதைக் கேட்டுத்தான். இந்த இருபத்தைந்து விநாடி போதும் உங்கள் தண்ணீர் நிகழ்ச்சிக்கு முகப்பாக. யாரும் ‘இன்றைய தலைப்பு தண்ணீர்’ என்று அறிவிக்க வேண்டியதில்லை. மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேர் மேலே பிடிக்காதீர்கள், தெறிக்கும். ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் இரண்டு வாக்கியங்களை ஒட்டவைக்க அதுதான் உதவும்.

பல்சுவை நிகழ்ச்சியைக் கதம்பம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்த உவமை ஒத்துவருவதில்லை. கதம்பத்தில் எல்லாப் பூவும் ஒரே பார்வையில் தெரியும். வானொலியில் ஒன்று போனால்தான் அடுத்தது வரும், போனது போனதுதான். திரும்பிப் பார்க்க முடியாது. ஆகவே திட்டமிடுவது என்றால் எதற்குப் பிறகு எது, எவ்வளவு நேரம் என்பதுதான். அதற்கு ஒரு க்யூ ஷீட் போடுங்கள்.

உங்களுக்கு அரை மணி என்று சொன்னாலும் நிலைய அறிவிப்புகள் போக 28 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்துச் சத்தம், முகப்பிசை, வரவேற்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம். பம்பு ரிப்பேர்காரர் ஐந்து நிமிடம். இந்த வாரம் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்ற தகவல் இரண்டு நிமிடம். குழாயடிக் குரல்கள் இரண்டரை. வேளச்சேரிப் பக்கம் கிணற்று நீர் ஏன் மாறியது என்று ஒரு பேராசிரியரோடு நாலரை. மாணவர்களின் குட்டி நாடகம் மூன்றரை. தண்ணீர் லாரியில் விடியற்காலை ஒரு நடை போய்வந்த உரைச்சித்திரம் ஆறு. நடுவில் இணைப்புரைகள் ஆறு, ஒவ்வொன்றும் இருபது விநாடி, ஆக இரண்டு நிமிடம். முடிவுரை ஒரு நிமிடம். கூட்டிப் பாருங்கள், சரியாக 28. இந்தக் கூட்டல் பதிவுக்குப் போகும் முன்பே நடக்க வேண்டும். பேராசிரியரிடம் நாலரை நிமிடம்தான் வேண்டும் என்று தெரிந்தால் மூன்று கேள்வியோடு போவீர்கள். தெரியாவிட்டால் ஐம்பது நிமிடம் பதிவு செய்துகொண்டு வந்து, வெட்ட மனசு வராமல் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பீர்கள்.

வரிசையில் ஒன்றைக் கவனித்திருக்கலாம். துறைத் தலைவரின் வாழ்த்துரை இல்லை. அவரை நாலரை நிமிடத்தில் விஷயம் சொல்லவையுங்கள், வாழ்த்து வேண்டாம். முதல் உருப்படியாகப் பம்பு ரிப்பேர்காரரை வைத்ததற்குக் காரணம், நேயருக்கு ‘இது நம்ம ஆள்’ என்று தோன்ற வேண்டும். லாரிப் பயணம் கடைசியில் ஏன்? பன்னிரண்டாவது நிமிடத்தில் ரேடியோவைத் திருப்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் ஒரு பெரிய பண்டம் மிச்சம் இருக்க வேண்டும். அதே காரணத்தால் யார் பேசுகிறார், என்ன நிகழ்ச்சி என்பதை நடுவில் இரண்டு முறையாவது சொல்லிவிடுங்கள்.

இணைப்புரையில்தான் பாதி நிகழ்ச்சிகள் கெடுகின்றன. ‘அடுத்ததாக, கைப்பம்பு பழுதுபார்ப்பவர் ஒருவரின் நேர்காணலைக் கேட்கவிருக்கிறோம்’ என்று எழுதினால் நேயர் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம். ‘பம்பு தண்ணி குடுக்கலேன்னா கோளாறு மேலயா, அடியிலயான்னு கழட்டிப் பார்க்காமலே ஒருத்தர் சொல்லிடுவாரு. எப்படிங்க?’ என்று கேட்டுவிட்டு அவர் குரலைத் தொடங்குங்கள். பதிலை மட்டும் இணைப்புரையில் சொல்லிவிடாதீர்கள். அவர் வாயைத் திறந்து ‘சத்தத்துலயே தெரிஞ்சிடும் சார்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், பாவம், அவர் என்ன செய்வார்?

எந்தத் தமிழில் பேசுவது என்று எல்லாக் கல்லூரியிலும் கேட்கிறார்கள். அரசு வானொலியின் செய்தித் தமிழ் ஒரு பக்கம், தனியார் பண்பலையின் துள்ளல் தமிழ் ஒரு பக்கம். இரண்டையும் போலி செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்த பெரியவரிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படி, பேச்சுத் தமிழில், மரியாதையோடு, நிதானமாக. பேட்டி கொடுப்பவரின் தமிழில் மட்டும் கை வைக்காதீர்கள். ‘வலிச்சுக்கினு’ என்று அவர் சொன்னால் அது அப்படியே போகட்டும். இந்தக் கலையைப் பற்றி ஆர அமரப் படிக்க விரும்பினால், இலங்கை வானொலியிலும் பி.பி.சி. தமிழோசையிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம் ‘ஒலிபரப்புக் கலை’ என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். நூலகரிடம் கேளுங்கள்.

விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமுதாய வானொலி அரசியல், நடப்புச் செய்திகளைத் தானே தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. ஆனால் குடிநீர், மின்சாரம், வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, உள்ளூர் விழா போன்றவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. எனவே அந்த இரண்டு நிமிடத் தண்ணீர்த் தகவலைத் தாராளமாகச் சொல்லலாம். குடிநீர் வாரிய அலுவலகத்தில் உறுதி செய்துகொண்டு சொல்லுங்கள். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். சினிமாப் பாட்டுக்கு உரிமை வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பேசினால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

அந்த இரண்டு நிமிடத்தைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதீர்கள். 1966இல் திருச்சி வானொலியில் பண்ணை இல்ல ஒலிபரப்பு தொடங்கியது. அதைக் கேட்டுப் பயிரிட்ட ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சாவூர் விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே கூப்பிட்டார்கள். விதை கண்டுபிடித்த விஞ்ஞானிக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

கடைசியாக, தொடர்ந்து நடத்துவது பற்றி. சென்னைக்கு வானொலி கொண்டுவந்தது அரசு அல்ல. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் ஒரு ரேடியோ கிளப் அமைத்து ஒலிபரப்பினார்கள். மூன்றே வருஷத்தில் பணமில்லாமல் நின்றுபோனது. 1930இல் மாநகராட்சி எடுத்து நடத்தியது, 1938இல் அகில இந்திய வானொலி வந்தது. மாணவர் நிகழ்ச்சிகளுக்குப் பணத்தைவிடப் பெரிய எமன் செமஸ்டர் தேர்வு. நவம்பரிலும் ஏப்ரலிலும் ஒருவரும் ஸ்டுடியோ பக்கம் வரமாட்டீர்கள், வரவும் கூடாது. அதனால் முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பாகும் முன்பே நான்கு நிகழ்ச்சிகளுக்குத் திட்டம் இருக்க வேண்டும். அதோடு, எந்த வாரத்திலும் போடக்கூடிய, தேதி குறிக்காத மூன்று நிமிட உருப்படிகள் ஐந்தாறு கையிருப்பில் இருக்கட்டும். பூட்டு ரிப்பேர்காரர், நூலகத்தில் கிடைத்த பழைய கல்லூரி மலர், கேன்டீன் அக்கா சொன்ன ரசம். விருந்தினர் வராத நாள் கட்டாயம் ஒன்று வரும், அன்றைக்கு இவைதான் கைகொடுக்கும். ஒருவர் கையில் மட்டும் ஸ்டாப்வாட்ச் இருக்கட்டும். அவர் சொன்னால் தொகுப்பாளர் நிறுத்திவிட வேண்டும், கேள்வியே கேட்கக் கூடாது.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கூடுகிறோம் என்று உங்கள் பேராசிரியர் சொன்னார். அன்றைக்கு யாரும் ஸ்கிரிப்ட் கொண்டுவர வேண்டாம். வட்டத்துக்குள் நடந்து போய், ஒவ்வொருவரும் மூன்று பேருடைய பெயர், அவர்களுக்குப் பேச எந்த நாள் எந்த நேரம் ஒழியும், அவர்கள் எதை நேரில் பார்த்தவர்கள் என்று ஒரு வரி, இவ்வளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். மூவரில் ஒருவராவது உங்களைவிட இருபது வயது மூத்தவராக இருக்கட்டும். இப்போது கேள்விகளுக்கு வரலாம். பின்வரிசையில் ஒரு தங்கை ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறாள், அவளிடம் மைக்கைக் கொடுங்கள்.